மீசை வைத்த சிப்பாயைத் தேடி: பழைய ஆக்‌ஷன் பொம்மைகள் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

பழைய ஆக்‌ஷன் பொம்மைகளைச் சேகரிக்க வருகிறவர்கள் பலரும் திட்டம் போட்டு வருவதில்லை. கை கால் மடக்கக்கூடிய சிப்பாய், வீரன், ரோபோ உருவங்களைத்தான் சொல்கிறேன். எங்கேயோ ஒரு படத்தில் அந்த முகம் கண்ணில் படும். "அட, இது என்கிட்ட இருந்ததே!" என்று வாய் தானாகச் சொல்லும். இது ராத்திரி பதினொரு மணிக்கு நடந்தால், பன்னிரண்டுக்குள் ஒன்றை வாங்கியும் விடுவார்கள். நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். அந்த ஒரு மணி நேர அவசரத்தில் வாங்கியது நான் தேடிய பொம்மையே இல்லை என்று தெரிய வந்தபோது அது வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதனால் இதில் முதல் வேலை வாங்குவது கிடையாது. அதற்கு முன்பு செய்ய வேண்டியவை இரண்டு மூன்று இருக்கின்றன.

படம் பார்ப்பதற்கு முன்பு எழுதிவிடுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, உங்களிடம் இருந்த பொம்மையைப் பற்றி நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். இணையத்தில் தேடிப் பார்த்த பிறகு எழுதினால் பயனில்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் போதும், உங்கள் மங்கலான நினைவின் மேல் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எது நீங்கள் கண்டது, எது படத்தில் பார்த்தது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

நிறமும் உடையும் மட்டும் எழுதினால் போதாது. கையில் எவ்வளவு நீளம் இருந்தது? காலை மடக்கினால் சத்தம் வந்ததா? முதுகில் திருகாணி இருந்ததா? முதலில் உடைந்தது எது? யார் பல்லால் கடித்தது? நீங்கள் வைத்த பெயர் என்ன? பெட்டியில் அச்சிட்டிருந்த பெயர் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம், அதில் ஒன்றும் குறைவில்லை.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது இதுதான்: பச்சை உடுப்புச் சிப்பாய். உள்ளங்கை நீளம். தலையில் கழற்றக்கூடிய ஹெல்மெட். முழங்கையை மடக்கினால் சின்னதாக ஒரு 'டக்'. வலது கட்டைவிரல் இல்லை, அதனால் துப்பாக்கியை நூலால் கட்டியிருந்தோம். மீசை உண்டு. பெயரும் 'மீசை'தான்.

இந்தக் கடைசி வரியை நம்பி நான் நான்கு மாதம் அலைந்தேன். மீசை வைத்த சிப்பாய்கள் ஜி.ஐ. ஜோ என்ற பொம்மை வரிசையில் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஒருவன்கூட எங்கள் ஆள் இல்லை. உடுப்பு சரியாக இருந்தால் முகம் இடித்தது, முகம் ஒத்துவந்தால் ஹெல்மெட் இல்லை. கடைசியில் ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. அந்த மீசை நாங்கள் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982-ல் விட்ட ஜி.ஐ. ஜோ வரிசையின் சாதாரணக் காலாட்படைக்காரன் அவன். முகம் வழவழவென்று சவரம் செய்திருக்கும்.

ஆகவே, எழுதுவதை முழுக்க நம்பவும் வேண்டாம். இதற்கு எங்கள் வீட்டு மீசையைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1979-ல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் வரிசையில் போபா ஃபெட் என்ற பொம்மையைத் தபாலில் அனுப்புவதாக விளம்பரம் செய்தது. முதுகிலிருக்கும் ராக்கெட் நிஜமாகவே பாயும் என்றும் அறிவித்திருந்தது. அதற்குள் வேறொரு நிறுவனத்தின் பொம்மையிலிருந்து பாய்ந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. கென்னர் திட்டத்தை மாற்றி, ராக்கெட் அசையாதபடி ஒட்டித்தான் அனுப்பியது. பாயும் ராக்கெட் வைத்த மாதிரிகள் சில தொழிற்கூடத்தோடு நின்றுவிட்டன, எந்தக் கடைக்கும் போகவில்லை. இருந்தும் "என்னிடம் பாயுற ராக்கெட்டோடு இருந்தது" என்று சத்தியம் செய்கிற பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. விளம்பரத்தில் பார்த்ததும், ஆசைப்பட்டதும், கையில் கிடைத்ததும் இத்தனை வருடத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

உயரத்தை வைத்துக் காலத்தைப் பிடியுங்கள்

நோட்டில் எழுதியதில் தேடலுக்கு அதிகம் உதவுவது உயரம். இந்தப் பொம்மைகளின் வரலாறே உயரத்தின் வரலாறுதான் என்று சொல்லிவிடலாம்.

ஏறக்குறைய 12 அங்குலம், துணி உடுப்பு, உடம்பெல்லாம் மூட்டு என்றால் 1964-ல் வந்த முதல் ஜி.ஐ. ஜோவின் குடும்பம். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரே அவனுக்காகப் பிறந்ததுதான். 'டால்' என்று, அதாவது பெண்பிள்ளைகளின் பொம்மை என்று, சொன்னால் பையன்களுக்கு வாங்கித் தர மாட்டார்கள் என்று ஹாஸ்ப்ரோ பயந்தது. (தங்கைகளும் அக்காக்களும் எப்படியும் எடுத்து விளையாடத்தான் போகிறார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.) 8 அங்குலத்தில் துணி உடுப்போடு இருந்தால் பெரும்பாலும் 1970-களின் மெகோ நிறுவனத்துப் பொம்மை.

உள்ளங்கைக்குள் அடங்கும் 3¾ அங்குலத்தில்தான் நம்மில் நிறையப் பேரின் நினைவு சிக்கிக்கிடக்கிறது. ஜப்பானில் டகாரா நிறுவனம் 1974-ல் மைக்ரோமேன் என்று இந்த அளவில் செய்தது. அதை மெகோ 1976-ல் மைக்ரோநாட்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1978-ல் கென்னரின் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் வந்த பிறகு இதுவே பொது அளவாகிவிட்டது. 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிளாஸ்டிக் விலை ஏறியது ஒரு காரணம். இன்னொன்று, பொம்மை சின்னதாக இருந்தால்தான் அது ஏறி உட்கார விண்கலமும் செய்து விற்க முடியும். கென்னருக்கு முதல் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகள் தயாராகவில்லை. 1977 கடைசியில் ஒரு அட்டை உறையும் அதற்குள் ஒரு சான்றிதழும் மட்டும் விற்றார்கள். அதை அனுப்பினால் நான்கு பொம்மைகள் அடுத்த வருடம் தபாலில் வரும். பிள்ளைகள் வெறும் அட்டையைப் பரிசாக வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

1982-ல் ஹாஸ்ப்ரோவும் ஜி.ஐ. ஜோவை 3¾ அங்குலமாகச் சுருக்கித் திரும்பக் கொண்டுவந்தது. அதே வருடம் மட்டேல் நிறுவனத்தின் ஹீ-மேன் வந்தான். 5½ அங்குலம், பயில்வான் உடம்பு. இடுப்பைத் திருப்பிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவனைச் சுழற்றிக் குத்துவிட வைக்கும். உங்கள் நினைவில் அந்தச் சுழற்சி இருந்தால் வேறு எங்கும் தேடவே வேண்டாம். வண்டியாக மாறும் ரோபோ என்றால் 1984-ல் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ். ஓடு சுமந்த ஆமை என்றால் பிளேமேட்ஸ் நிறுவனம் 1988-ல் விட்ட நிஞ்ஜா டர்ட்டில்ஸ்.

கையில் பழைய பொம்மை இருந்து பெயர் தெரியாவிட்டால் அதன் உடம்பிலேயே எழுத்து இருக்கும். பாதத்தின் அடி, தொடையின் பின்பக்கம், முதுகு, இடுப்புக்குக் கீழே என்று தேடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பொம்மைக்குப் படுக்கை வசமாகப் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். அங்கே காணும் வருடம் அந்த உருவத்துக்கு உரிமை பதிந்த வருடம். உங்கள் கையிலிருக்கும் துண்டு வார்க்கப்பட்ட வருடமாக அது இருக்க வேண்டியதில்லை. கென்னரின் முதல் பொம்மைகளின் காலில் 1977 என்று இருக்கும், கடைக்கு வந்தது 1978-ல். புதிதாக வருகிறவர்கள் அதிகமாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். சமீபத்தில் மறுபடியும் வார்த்த பொம்மையில்கூடச் சில சமயம் பழைய வருடம் அப்படியே இருக்கும்.

எந்த நிலையில் வாங்கப் போகிறீர்கள்?

சேகரிப்பவர்கள் பேச்சில் இரண்டு வகை உண்டு. பெட்டி அல்லது அட்டை பிரிக்காதது ஒன்று. 'லூஸ்', அதாவது பிரித்து விளையாடியது மற்றொன்று. லூஸிலேயே ஆயுதம், தொப்பி, முதுகுப்பை எல்லாம் இருந்தால் 'கம்ப்ளீட்'.

புதியவர்களுக்கு என் யோசனை லூஸ்தான், அதிலும் ஓரளவு அடிபட்டதாகவே இருக்கட்டும். பெட்டி பிரிக்காததை வாங்கினால் அதைப் பிரிக்க மனம் வராது. மூட்டை மடக்கிப் பார்க்க முடியாது, சத்தம் கேட்காது. நினைவு என்று வந்துவிட்டால் கண்ணைவிட விரலுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கிறது. என் சிப்பாயைக் கண்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கை 'டக்' என்றபோதுதான் ஆனது.

பிரிக்காத பெட்டிக்குள் பொம்மை பத்திரமாக இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். உள்ளே இருக்கும் ரப்பர் தன் பாட்டுக்கு இற்றுக்கொண்டிருக்கும். 1980-களின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சிலவற்றில் தங்க நிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் பயன்படுத்தினார்கள். பெட்டிக்குள்ளேயே அது பலமிழந்து, வெளியே எடுத்துத் தொட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். தங்க நிறத்தில் மினுமினுப்புச் சுழி தெரிகிற பாகம் இருந்தால் வாங்கும் முன்பு அந்த மாடலைப் பற்றி விசாரியுங்கள்.

பொம்மைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

விற்பவர் போடும் படம் முன்பக்கப் படமாக இருக்கும். உடைசல் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். முதுகு, பாத அடி, மடக்கிய முழங்கை, இரண்டு கட்டைவிரல்கள், இடுப்புக்குக் கீழே கால்கள் சேரும் இடம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1980-களின் ஜி.ஐ. ஜோவில் முதலில் போவது கட்டைவிரல். அடுத்தது கால்கள் சேரும் அந்த இடுப்புத் துண்டு. என் முதல் தவறான வாங்குதலில் அந்தத் துண்டு உடைந்து பசையால் ஒட்டப்பட்டிருந்தது. படத்தில் பொம்மை உட்கார்ந்திருந்தது. ஏன் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். "தாங்கல் இல்லாமல் நிற்குமா?" என்ற ஒரே கேள்வி இதற்குப் போதும்.

போலிகள் பொம்மையைவிட அதன் துணைப்பொருள்களில்தான் அதிகம். துப்பாக்கியும் தொப்பியும் அங்கியும் அன்றே தொலைந்துபோனதால் அவற்றுக்குக் கிராக்கி அதிகம். புதிதாக வார்த்து விற்கிறவர்களும் அதிகம். இவற்றை 'ரீப்ரோ' என்பார்கள். ரீப்ரோ என்று சொல்லி விற்றால் குற்றமில்லை, காலியான கைக்கு ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. சொல்லாமல் விற்பதுதான் சிக்கல். பக்கவாட்டில் படிப்படியாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தது. நுணுக்கங்கள் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருந்தால் அசலை வைத்து அச்செடுத்தது.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றும் சொல்வார்கள். கென்னரின் பழைய துப்பாக்கிகள் பெரும்பாலும் மிதக்கும், ரீப்ரோ பல மூழ்கும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகைகள் தண்ணீரைவிட லேசு. பிவிசி, ஏபிஎஸ் என்ற வகைகள் கனம். இப்போது ரீப்ரோ செய்கிறவர்களுக்கும் இது தெரியும், மிதக்கிற மாதிரியே செய்கிறார்கள். அசலிலும் மூழ்குகிறவை உண்டு. ஆகவே மிதந்தது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். சந்தேகமில்லாத அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அங்கிகளிலும் வித்தை உண்டு. கென்னரின் ஜாவா என்ற குட்டிப் பொம்மை முதலில் வினைல் அங்கியோடு வந்தது. பார்க்க மலிவாக இருக்கிறது என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் வினைல் அங்கிக்காரன் அரிது. அதே வரிசையின் வேறு பொம்மையுடைய வினைல் அங்கியை வெட்டிச் சுருக்கி இவனுக்குப் போர்த்தி விற்றவர்கள் உண்டு. தொடக்கத்தில் இப்படி 'அரிது' என்று சொல்லப்படும் எதையும் தொடாமல் இருப்பது பணத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது.

தனித்தனியாக வாங்குவதைவிட 'லாட்' என்று ஒரு பை நிறைய விற்பதை வாங்குவது எனக்குப் பிடிக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் விளையாடிய குவியல் அது. ஒன்றின் துப்பாக்கி இன்னொன்றின் கையில் இருக்கும். எது பிடித்த பொம்மை என்று தேய்மானத்திலேயே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கினார். ஊரை நினைத்து ஏங்கி உடம்பு கெட்டுப்போகிறவர்களின் நோய்க்கு அவர் வைத்த பெயர் அது. இப்போது யாரும் அதை நோய் என்பதில்லை. ஆனால் விற்கிறவர்களுக்கு இந்த ஏக்கம் நன்றாகத் தெரியும். மனசு சரியில்லாத ராத்திரிகளில் எதையும் வாங்காதீர்கள். பிடித்ததைக் குறித்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். என் அலமாரியில் நான் ஒட்டுறவே உணராத நான்கு பொம்மைகள் இருக்கின்றன. நான்கும் ராத்திரி வாங்கியவை.

வந்து சேர்ந்ததும் கழுவ ஓடாதீர்கள்

முதலில் முகர்ந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். வாசனையை உணரும் நரம்புப் பாதை, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளோடு மிக நெருக்கமாக இணைந்திருக்கிறது. வாசனை கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தையவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய மென்பிளாஸ்டிக்கின் அந்த இனிப்பும் ரப்பரும் கலந்த வாடை, சோப்புத் தண்ணீரில் ஒரு முறை முக்கினால் பாதி போய்விடும். முகர்ந்து, நோட்டில் எழுதி, நான்கு பக்கமும் படமெடுத்துக்கொண்டு அப்புறம் பாத்திரத்தில் தண்ணீர் பிடியுங்கள். ஆனால் பூஞ்சை நாற்றம் அடித்தால் இந்த ரசனையெல்லாம் வேண்டாம். தனியே எடுத்து வையுங்கள், மற்ற பொம்மைகளோடு சேர்க்காதீர்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய மெல்லிய பல் பிரஷ். பெரும்பாலான அழுக்குக்கு இவ்வளவு போதும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஊறப்போடக் கூடாது, ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். பேட்டரி போடும் பொம்மையைத் தண்ணீரிலேயே இறக்கக் கூடாது. முதுகில் திருகாணி இருந்தால் பிரித்துக் கழுவுவது நல்லது. ஒரு பொம்மையை நான் அப்படியே ஊறப்போட்டேன். ஒரு மாதத்தில் திருகாணித் துளையைச் சுற்றிக் காவி நிறத்தில் துரு வழிந்திருந்தது. அசிட்டோனைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக்கே கரையும். ஸ்பிரிட் பெயின்டை வழித்துக்கொண்டு போய்விடும். கண் புருவம் இல்லாத பொம்மை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அது அழுக்கு இல்லை. பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் மெல்ல வெளியே கசிகிறது. சோப்புத் தண்ணீரில் போகும், சில மாதத்தில் திரும்ப வரும், திரும்பக் கழுவ வேண்டியதுதான். காற்றோட்டம் இருந்தால் குறையும். இதே கசிவுதான் பேனா மைக்கும் வழி விடுகிறது. மென்பிளாஸ்டிக்கில் பால்பாயின்ட் கோடு விழுந்தால் அது மேற்பரப்பில் நிற்பதில்லை, உள்ளே இறங்கிப் பரவும். மேலே தேய்த்தால் பெயின்ட் போகுமே தவிர மை போகாது.

மஞ்சளடித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பாக்கும் முறை ஒன்று உண்டு. வெளுக்கும், உண்மைதான். திரும்பவும் மஞ்சளாகலாம், திட்டுத்திட்டாகவும் ஆகலாம். முதல் வருடத்தில் இதைச் செய்யாமல் இருங்கள். வளைந்துபோன துப்பாக்கியை நேராக்குவது இதைவிடச் சுலபம். கொதி அடங்கிய சுடுநீரில் சில நொடி பிடித்து, கையால் நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் முக்கினால் அந்த வடிவத்தில் நின்றுவிடும்.

ரப்பர் வளையம் மாற்றுவது

இடுப்பு தொளதொளவென்று ஆடும் 1980-களின் ஜி.ஐ. ஜோ கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதை மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள், ஆனால் சரிசெய்வது எளிது. புதியவர்கள் செய்து பார்க்கக்கூடிய முதல் பழுதுபார்ப்பும் இதுதான்.

அந்தப் பொம்மையின் மேலுடம்பையும் கால்களையும் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரே ஒரு ரப்பர் வளையம். நாற்பது வருடத்தில் அது காய்ந்து வெடித்திருக்கும், இல்லை பிசினாக உருகியிருக்கும். ஒரு வெள்ளைத் தட்டையோ கைக்குட்டையோ விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். முதுகிலிருக்கும் திருகாணிக்குச் சரியாகப் பொருந்தும் நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் தேவை. சற்றே சின்னதாக இருந்தாலும் திருகாணித் தலை மழுங்கிவிடும், அதற்கப்புறம் சாமி வந்தாலும் திறக்க முடியாது. அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள்.

முதுகும் மார்பும் இரண்டு ஓடுகளாகப் பிரியும். தலையும் கைகளும் தானாக விழும். முதல் முறை நெஞ்சு பக்கென்றாகும், பரவாயில்லை. கால்கள் இரண்டும் ஆங்கில 'T' எழுத்து வடிவ உலோகக் கொக்கியில் சேர்ந்திருக்கும். பழைய ரப்பரின் மிச்சத்தைக் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, புது வளையத்தை அந்தக் கொக்கியில் மாட்டுங்கள். வளையத்தை இடுப்புத் துண்டின் துளை வழியாக மேலே இழுங்கள். இடுப்புத் துண்டின் முன்பக்கம் எது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், நான் முதல் தடவை பெல்ட் பக்கிளை முதுகுப்பக்கம் வைத்து முடுக்கிவிட்டேன். மேலே வந்த வளையத்தை மார்பு ஓட்டின் உள்ளே திருகாணி இறங்கும் குழாயில் மாட்டுங்கள். தலையையும் கைகளையும் அவற்றின் பள்ளங்களில் உட்கார வைத்து, முதுகு ஓட்டை மூடி முடுக்குங்கள். முடுக்குவதில் வீரம் வேண்டாம். திருகாணி நின்றதும் நிறுத்துங்கள், ஓடு வெடித்தால் மாற்றுக் கிடைப்பது கஷ்டம்.

கால்கள் சட்டென்று இழுபட்டு இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். பொம்மை நிற்கும். இத்தனை வருடம் ஏதோ ஒரு டப்பாவில் இரண்டாக மடிந்துகிடந்த ஆள் எழுந்து நிற்பதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஹீ-மேனின் கால்களைப் பிடித்திருப்பதும் உள்ளே இருக்கும் ரப்பர்தான். ஆனால் அவனைப் பிரிக்க இப்படி முதுகில் திருகாணி கிடையாது. அதை அனுபவம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வைக்கும் இடம்

வெயில் படாத இடம், சூடேறாத இடம், ஈரம் ஏறாத இடம். ஜன்னல் ஓரத்தில் வைத்தால் ஒரு கோடை முடிவதற்குள் வெளிப்பக்கத் தோள் மட்டும் நிறம் மாறியிருக்கும். துப்பாக்கி தொலையாமல் இருக்கட்டும் என்று ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். அது உருகி, பொம்மையின் மேல் ஒரு பழுப்புக் கோட்டை நிரந்தரமாக விட்டுவிடும். பிவிசி உறைகளும் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் உறை நல்லது. மென்பிளாஸ்டிக் பொம்மைகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகிடக்கும்படி வருடக்கணக்கில் விட்டால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறும், ஒன்று மற்றதைக் கரைக்கவும் செய்யும். பேட்டரியை இன்றே கழற்றுங்கள்.

வீட்டில் வாயில் வைக்கிற வயதுக் குழந்தை இருந்தால் இவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். 1970, 80-களின் பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் குழந்தைப் பருவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இதற்கு வாதமாகாது.

நோட்டைத் தொடருங்கள், காட்டுங்கள்

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் வாங்கிய நாள், கொடுத்த விலை, காலில் இருந்த எழுத்து, மாற்றிய பாகம். ரீப்ரோ துப்பாக்கி என்றால் ரீப்ரோ என்றே எழுதுங்கள், நாளை வேறொருவர் கைக்குப் போகும்போது அவர் ஏமாறக் கூடாது. வலது பக்கம் நினைவுக்கு. பொம்மை வந்து சேர்ந்த பிறகு புதிதாகத் தோன்றுவதை முதல் நாள் எழுதியதற்குக் கீழே, தேதி போட்டு எழுதுங்கள். பழையதை அடித்துத் திருத்த வேண்டாம். என் நோட்டில் 'மீசை உண்டு' என்ற வரி அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம், உங்களோடு சேர்ந்து விளையாடிய ஆள் யாராவது இருந்தால் அவர் கையில் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் கொடுங்கள். என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் நோட்டில் பாதிப் பக்கம் நிரம்பும்.

என் தம்பி போன மாதம் வந்திருந்தான். வளையம் மாற்றி, கழுவி, கட்டைவிரல் இரண்டும் முழுசாக இருக்கிற சிப்பாயை அவன் முன்னால் வைத்தேன். அவன் எடுத்ததும் செய்த முதல் காரியம் முழங்கையை மடக்கியது. 'டக்.' இன்னொரு தடவை மடக்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, இவன் இல்லையே. மீசை எங்க?"

அது நாம் வரைந்தது என்றேன்.

"நாம இல்ல, நான். நீ ஹெல்மெட்டைத் தொலைச்சதுக்கு அழுதுக்கிட்டு இருந்த."

ஹெல்மெட் தொலைந்தது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. மேஜை மேல் கண்ணை ஓட்டினான்.

"பேனா இருக்கா?"

மென்பிளாஸ்டிக்கில் மை இறங்கினால் போகாது என்று நான் மேலே எழுதியிருக்கிறேன். இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.